சைக்கோவை எந்த டிஸ்க்கில் வாங்குவது?

என் மச்சினன் போன மாதம் புது டிவி வாங்கினான். 55 அங்குலம், 4கே. கடைக்காரர் அடுக்கிய சிறப்புகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். வாங்கிய கையோடு எனக்குப் போன் செய்தான். "மாமா, ஹிட்ச்காக்கோட சைக்கோவை இதுல பாக்கணும், எந்த டிஸ்க் வாங்கலாம்?" ஒரு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இந்த ஒரு படத்தின் வீட்டுப் பதிப்புகளை வைத்து ரசிகர்கள் அடித்துக்கொள்வதை வருடக்கணக்கில் படித்து வருகிறேன், என்னிடமே மூன்று பதிப்பு இருக்கிறது (வீட்டில் தெரிந்தது இரண்டு), அதனால் அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் நீட்டி இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே முடிச்செல்லாம் அவிழும். எந்தப் பதிப்பு கைக்குக் கிடைக்கிறதோ அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காதீர்கள், மெனுவில் காட்சித் துணுக்குகள் ஓடினால் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிளே அழுத்துங்கள். 1960இல் படம் வெளியானபோது, தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கே கண்டிப்பான விதி போட்டவர் ஹிட்ச்காக். அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்த படத்தை நாம் சோபாவில் சாய்ந்து, நடுவில் நிறுத்தி, காபி போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறோம். சரி, அது போகட்டும்.

இன்று நம் முன்னால் இருப்பவை நான்கு. பழைய டிவிடி, 2010இல் படத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி வந்த ப்ளூரே, 2020இல் வந்த 4கே டிஸ்க், அப்புறம் இணையத்தில் வாடகைக்கோ சந்தாவிலோ கிடைப்பது. எது நல்லது என்று கேட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 4கே என்பார்கள். எதற்காக நல்லது, யாருக்கு நல்லது என்று கேட்டால்தான் சண்டை ஆரம்பிக்கும்.

ஏன் என்று புரிய, படம் எடுக்கப்பட்ட விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சைக்கோ பெரிய செலவில் எடுத்த படமில்லை. செலவு சுமார் எட்டு லட்சம் டாலர், அந்தக் காலத்து ஹிட்ச்காக் படத்துக்கு அது சில்லறை. தன் தொலைக்காட்சித் தொடரில் வேலை செய்த குழுவையே பெரும்பாலும் வைத்துக்கொண்டார், ஒளிப்பதிவாளர் ஜான் ரஸ்ஸலும் அங்கிருந்து வந்தவர்தான். கருப்பு வெள்ளை, 35 மில்லிமீட்டர் பிலிம், சாதாரண மோட்டல் அறை, அலுவலகம், கார். அதனால் புது டிவியில் போட்டவுடன் கண்ணைப் பறிக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். 4கே வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் "இதுக்கா இவ்வளவு காசு" என்று முணுமுணுக்கும் காரணமும் இதுதான். அவர்கள் துல்லியத்தைத் தேடினார்கள். இந்தப் படத்தின் உயிர் இருட்டிலும் ஒலியிலும் இருக்கிறது. பதிப்புகளை நான் அதை வைத்துத்தான் எடை போடுகிறேன், துல்லியத்துக்குக் கடைசி இடம்தான்.

டிவிடியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சால் பாஸ் செய்த தொடக்க டைட்டிலைப் போட்டுப் பாருங்கள். சாம்பல் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்து வந்து எழுத்தை வெட்டிப் போகும். என்னிடம் உள்ள பழைய டிவிடியில் அந்தப் பட்டைகளின் ஓரம் எறும்பு ஊர்வதுபோல் நெளிகிறது, அடுத்து வரும் ஹோட்டல் அறை ஜன்னல் பட்டைகளிலும் அதே கதை. ஐரோப்பாவில் விற்ற பிஏஎல் வகை டிவிடி என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை அதில் 25ஆக ஓட்டுவார்கள். 109 நிமிடப் படம் கிட்டத்தட்ட நாலரை நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, சுருதியைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் கொஞ்சம் மேலே ஏறி ஒலிக்கும். சங்கீதக் காது உள்ளவர்கள் இதைக் கண்டுபிடித்துப் புலம்புகிறார்கள். எனக்குக் காது அவ்வளவு இல்லை, இருந்தாலும் ஒருமுறை தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான்.

டிவிடி காலத்துக்கும் வீடியோ கேசட் காலத்துக்கும் இடையில் நின்று ஒரு கூட்டம் இன்னும் சதுரப் படத்துக்காக வாதாடுகிறது. கேமராவில் பதிவான முழு ஃபிரேமில் மேலும் கீழும் மறைத்து அகலத் திரைக்குக் காட்டினார்கள், பழைய தொலைக்காட்சியில் அந்த மறைப்பை எடுத்துவிட்டார்கள். அதில் கூடுதலாகத் தெரிகிறதே, குறைவாகத் தெரிவதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்பது இவர்கள் கேள்வி. கூடுதலாகத் தெரிவது என்ன? கூரை, தரை, காற்று. நாயகி மேரியன் கார் ஓட்டிக்கொண்டு போகும் காட்சியில் ஸ்டியரிங்குக்கும் முகத்துக்கும் நடுவே நம்மைக் கட்டிப்போடுவதற்காகத்தான் அந்த இறுக்கம். அகலத் திரைதான் சரி. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

2010 ப்ளூரேவுக்கு வருவோம். இதுதான் நியாயமான விலைக்கு, பழைய டிஸ்க் விற்பவர்களிடம்கூட எளிதில் கிடைப்பது. வந்த புதிதில் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மேரியன் ஒரு தாளில் 40,000இலிருந்து 700ஐக் கழித்து 39,300 என்று கணக்குப் போடுவாளே, அது பளிச்சென்று தெரிகிறது. மோட்டல்காரன் நார்மனாக நடித்த பெர்க்கின்ஸின் கழுத்துக்கு அடியிலிருந்து கேமரா எட்டிப் பார்க்கும்போது அவர் மிட்டாய் மெல்லும் தாடையின் அசைவு தெரிகிறது. அப்புறம் பெரிய திரைகளில் போட்டுப் பார்க்க ஆரம்பித்ததும் குறை சொல்பவர்கள் வந்தார்கள். உருவங்களின் ஓரத்தைச் செயற்கையாகக் கூர்மைப்படுத்தியிருக்கிறது, சில இடங்களில் பிலிம் கிரெயின் (பிலிமில் இயல்பாகவே தெரியும் துகள்) இயல்பாக இல்லை என்பது அவர்கள் புகார். கிட்டத்தில் உட்கார்ந்து தேடினால் அவர்கள் சொல்வது தெரிகிறது. பத்தடி தள்ளி 43 அங்குலத்தில் பார்க்கிற எனக்கு அது படத்தைக் கெடுக்கவில்லை. ப்ளூரேயில் எனக்கு உறுத்துவது வேறு, அது படத்தில் இல்லை, ஒலியில் இருக்கிறது.

இந்த ஒலி விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் டிஸ்க்கைப் போட்டு அது என்ன தருகிறதோ அதைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். படம் வந்தது மோனோவில். வசனம், இசை, கத்திச் சத்தம் எல்லாம் ஒரே தடத்தில் கலந்தவை. 5.1 சரவுண்டுக்கு, அதாவது அறையைச் சுற்றி வைத்த ஸ்பீக்கர்களில் பிரிந்து வரும் ஒலிக்கு, மாற்ற வேண்டும் என்றால் வசனம் தனி, இசை தனி என்று மூலத் தடங்கள் வேண்டும், அவை இல்லை. அதனால் பாரிஸில் இருந்த ஒரு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு, கலந்துபோன ஒரே தடத்திலிருந்து ஒவ்வொன்றையும் பிரித்து எடுத்து அறை முழுக்கப் பரப்பியிருக்கிறார்கள். பாலையும் டிகாஷனையும் கலந்த பிறகு பிரிப்பது மாதிரி வேலை. எப்படிச் செய்தார்கள் என்று டிஸ்க்கிலேயே ஒரு சின்ன விளக்கப் படம் இருக்கிறது, தவறாமல் பாருங்கள், அந்த உழைப்புக்கு நான் வணக்கம் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் கேட்பது மோனோதான். ஹெர்மன் இந்தப் படத்துக்குத் தந்தி வாத்தியங்கள் தவிர வேறு எதையும் தொடவில்லை. கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கருப்பு வெள்ளை இசை. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார், ஹெர்மன் எழுதிக் காட்டிய பிறகு மனம் மாறினார். அந்த வயலின்கள் ஒரே இடத்திலிருந்து, வசனம் வந்த அதே துவாரத்திலிருந்து கிழித்துக்கொண்டு வரும்போதுதான் குலை நடுங்குகிறது. கத்தி இறங்கும் சத்தத்துக்கு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தார்கள். அந்தச் சத்தமும் அலறலும் தண்ணீரும் வயலினும் நெரிசலாக ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். சரவுண்டில் தண்ணீர் பின்னால், வயலின் பக்கவாட்டில் என்று பிரிந்து போனதும், குளியலறை ஒரு கல்யாண மண்டபம் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. மழையில் கார் ஓட்டும் காட்சி சரவுண்டில் அருமையாக இருக்கிறது என்று சிலர் சொல்வதை நான் மறுக்கவில்லை, உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு காட்சிக்காக மீதியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ப்ளூரே, 4கே இரண்டிலும் சரவுண்டுதான் முதலில் ஓடும், மோனோவை ஆடியோ மெனுவில் போய் நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் அதில் 'சினிமா' மோடு ஏதாவது இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

கூடுதல் பகுதிகளில் குளியலறைக் காட்சியை இசையோடும் இசையில்லாமலும் தனித்தனியாகப் போட்டுக் காட்டும் ஒரு துண்டு இருக்கிறது. டிவிடியிலிருந்து இது தொடர்ந்து வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இயக்குநர் ஏன் மனம் மாறினார் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். ஒன்றரை மணி நேர மேக்கிங் படமும் உண்டு, இந்தப் படம் உருவான கதையைப் புத்தகமாக எழுதிய ஸ்டீபன் ரெபெல்லோவின் விளக்கவுரையும் உண்டு. ஆக, கூடுதல் பகுதிக்காகப் பழைய டிவிடியைப் பத்திரப்படுத்தி வைக்கத் தேவையில்லை. (என்னுடையது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. காரணம் கேட்காதீர்கள்.)

இப்போது 4கே. இதை வாங்க மூன்று காரணம் சொல்கிறார்கள். துல்லியம், கருப்பு, வெட்டுப்படாத பதிப்பு.

துல்லியம் கூடியிருக்கிறது, கூடவே கிரெயினும். பிலிமின் துகள் அசைவதை அழுக்கு என்று நினைப்பவர்களுக்கு இந்த டிஸ்க் பிடிக்கவே பிடிக்காது. மங்கலாகத் தெரிகிறது, புள்ளி புள்ளியாக இருக்கிறது என்று குறை சொல்லும் குரல்களில் பாதி இதுதான். கிரெயினைத் துடைத்தால் அதோடு மேரியனாக நடித்த ஜேனட் லீயின் தோலும் போய்விடும். கன்னத்தில் நிற்கும் நீர்த்துளி, தரையில் கிடக்கும் முகம், அந்தக் கண். கண்ணிலிருந்து கேமரா சுழன்றுகொண்டே பின்னால் வரும் ஷாட் லேபில் ஆப்டிகலாக, அதாவது எடுத்த பிலிமையே மறுபடி படம்பிடித்துச் செய்தது, அதனால் அங்கே மட்டும் துகள் சட்டென்று தடித்துத் தெரியும். டிவிடியில் தெரியாத தையல் இது. காரோட்டும் காட்சிகளில் பின்னால் ஓடுவது ஸ்டுடியோ திரை என்பதும், துப்பறிபவர் மாடிப்படியில் பின்னோக்கிச் சரிவது இன்னொரு திரைக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டுதான் என்பதும் 4கேயில் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். மாயம் கலைந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் தையலைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம், இரண்டு பேரையும் புரிந்துகொள்ள முடிகிறது.

கருப்புதான் முக்கியம். கருப்பு வெள்ளைப் படத்துக்கு எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் வசதி) எதற்கு என்று கிண்டல் செய்கிறார்கள். வண்ணத்துக்காக இல்லை ஐயா, வெளிச்சத்தின் அளவுக்காக. இரவு மழையில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கு மேரியனின் கண்ணைக் கூச வைக்கும்போது நமக்கும் கொஞ்சம் கூச வேண்டும். நிலவறையில் ஆடும் பல்பு ஒரு பக்கம் வரும்போது பளீரென்றும் மறுபக்கம் போகும்போது கிணற்று இருட்டாகவும் இருக்க வேண்டும். குளியலறை ஓடுகளின் வெள்ளை, டிவிடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரே திட்டாக இருந்தது, இதில் ஓட்டுக்கு ஓடு தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் வரும் உருவம். வெள்ளை ஓட்டில் பட்ட வெளிச்சம் திரும்பி அடித்ததில் முகம் தெரிந்துவிட்டது என்பதால் அந்த உருவமாக நின்ற பெண்ணின் முகத்தில் கருப்புப் பூச்சு பூசித்தான் எடுத்தார்கள். டிவியில் பிரைட்னஸை ஏற்றி வைத்திருந்தால் அவர்கள் பட்ட பாடெல்லாம் வீண். முகமே இல்லாத இருட்டு நிற்க வேண்டிய இடத்தில் மை பூசிய யாரோ ஒருவர் நிற்பார்.

இங்கேதான் மச்சினனிடம் நான் கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. குறைந்த விலை எல்இடி டிவிகளில் பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருந்தாலும் கருப்பு சாம்பலாகத்தான் வரும். அப்படிப்பட்ட டிவியில் 4கே டிஸ்க் போட்டவர்கள் பலர் 'ரொம்ப இருட்டா இருக்கு' என்று சொல்லிவிட்டு ப்ளூரேவுக்கே திரும்பியிருக்கிறார்கள். அது டிஸ்க்கின் குற்றமில்லை. கருப்பை முழுக் கருப்பாகக் காட்டும் ஓஎல்இடி டிவி வைத்திருக்கும் நண்பர் வீட்டில் அதே டிஸ்க்கைப் பார்த்துவிட்டு வந்துதான் நான் 4கேவுக்கு ஆதரவாகப் பேசவே ஆரம்பித்தேன், அதுவரைக்கும் என் ஓட்டும் ப்ளூரேவுக்குத்தான்.

மூன்றாவது, வெட்டுப்படாத பதிப்பு. பல பத்தாண்டுகளாக வீட்டில் எல்லோரும் பார்த்த சைக்கோவில் சில விநாடிகள் இல்லை. ஜெர்மன் தொலைக்காட்சியில் மட்டும் அவை இருந்த பிரதி ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பதிவு செய்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் ரசிகர்கள். 2020 பதிப்பில் அவை அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தன. மூன்று இடம். நார்மன் சுவர்த் துளை வழியாகப் பார்க்கும்போது மேரியன் உடை களைவது கொஞ்சம் நீள்கிறது. கொலைக்குப் பிறகு நார்மன் தன் கையில் இருக்கும் ரத்தத்தைப் பார்ப்பது நீள்கிறது. படிக்கட்டுக்குக் கீழே விழுந்த துப்பறிபவர் மீது கத்தி இன்னும் சில முறை இறங்குகிறது.

இதற்காகக் காசு கொடுக்கலாமா? "கண் சிமிட்டினால் போய்விடும், இதற்கு ஒரு டிஸ்க்கா" என்று கேட்பவர்களும், "முழுசாக இல்லாததை எப்படிப் படம் என்று சொல்வது" என்று கேட்பவர்களும் சம அளவு பிடிவாதத்தோடு இருக்கிறார்கள். முதல் இடமும் மூன்றாவது இடமும் எனக்குப் பெரிய வித்தியாசம் தரவில்லை. நடுவில் இருப்பது தருகிறது. அந்த நிமிடத்திலிருந்து படம் மேரியனை விட்டு நார்மனைப் பிடித்துக்கொள்கிறது. அவன் துடைப்பமும் வாளியுமாக, பேச்சே இல்லாமல், வெகு நேரம் அறையைக் கழுவுகிறான், நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு துளி விட்டுப்போகக் கூடாதே என்று அவன் பக்கம் நின்று பார்க்கிறோம். கையில் ரத்தத்தோடு அவன் கொஞ்சம் கூடுதலாக நிற்கும்போது அந்த இடமாற்றம் நம் கண்ணெதிரே நடக்கிறது. வெட்டிய பதிப்பில் அது சட்டென்று தாவிவிடும். டிஸ்க் மெனுவில் இரண்டு பதிப்பும் இருக்கும், எது ஓடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இணையத்தில் பார்ப்பதைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பல நேரம் சொல்வதில்லை, இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்காது, மோனோவுக்கு மாற்றும் வழி பெரும்பாலும் கிடையாது. வேகம் குறைவான இணைப்பில் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடையும். கடைசி ஷாட்டை வைத்து நான் சோதிப்பேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு நார்மன் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது, அந்த முகத்தின் மேல் தாயின் மண்டையோடு ஒரு கணம் பல்லைக் காட்டிவிட்டு மறையும். நல்ல டிஸ்க்கில் அது தோலுக்கு அடியிலிருந்து எழுவதுபோல் இருக்கும். மோசமான பிரதியில் பார்த்தவர்கள் அப்படி ஒன்று இருந்ததாகவே தெரியாது என்கிறார்கள். முதல்முறை பார்க்க இணையம் போதும். வைத்துக்கொள்ள டிஸ்க்.

வாங்குமுன் இரண்டு விஷயம். 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது, எங்கிருந்து வரவழைத்தாலும் ஓடும். ப்ளூரேவுக்கு உண்டு, அமெரிக்கா ஏ மண்டலம், இந்தியா சி, அதனால் வெளிநாட்டு டிஸ்க் என்றால் விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, பெயரை மட்டும் தேடி அவசரத்தில் பட்டனை அழுத்தாதீர்கள். 1998இல் இதே கதையை ஷாட்டுக்கு ஷாட் வண்ணத்தில் திரும்ப எடுத்த படம் ஒன்று இருக்கிறது, மிஷ்கினின் 2020 படத்துக்கும் இதே பெயர். எனக்கு ஒரு விற்பனையாளர் அந்த வண்ணப் படத்தை அனுப்பிவைத்தார், திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார். வீட்டுக்குத் தெரியாத டிஸ்க் அதுதான் என்று நீங்கள் நினைத்தால், இல்லை, அது நான்காவது.

ஆக மச்சினனுக்கு நான் சொன்னது: உன் டிவி கருப்பைக் கருப்பாகக் காட்டுமென்றால் 4கே வாங்கு, இல்லையென்றால் 2010 ப்ளூரே போதும், மிச்சக் காசில் வேறொரு ஹிட்ச்காக் வாங்கு. எதை வாங்கினாலும் மோனோவில் கேள், டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணை, படத்துக்கு நடுவில் போனைத் தொடாதே.

எல்லாம் கேட்டுக்கொண்டு 4கே டிஸ்க்கே வாங்கிவிட்டான். டிஸ்க் வந்த அன்று சாயங்காலம் மறுபடி போன். "மாமா, இது என் ப்ளேயர்ல ஓடலையே." அவனிடம் இருப்பது பத்து வருடத்துப் பழைய டிவிடி ப்ளேயர். 4கே டிவி இருந்தால் போதாது, 4கே டிஸ்க் படிக்கும் ப்ளேயரோ, டிஸ்க் போடும் வகை பிளேஸ்டேஷன் 5 மாதிரி ஒரு கன்சோலோ வேண்டும் என்பதைச் சொல்ல நான்தான் மறந்துவிட்டேன். இப்போதைக்கு என் ப்ளேயரைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அவன் அக்காவும் வருகிறாள். அவள் இன்னும் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை, அட்டையை மட்டும் முன்கூட்டியே ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.